யோகப் பயிற்சியும் அன்றாட மருந்தும்: நாட்பட்ட நோயுடையோரும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, முதுகுவலி, ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நோய்களுக்குச் சிகிச்சை பெறுவோரில் பலர் இன்று யோகப் பயிற்சியையும் மேற்கொள்கின்றனர். தொடங்கிய சில வாரங்களில் உடல் இலகுவாகிறது, உறக்கம் சீராகிறது, படபடப்பு தணிகிறது. அப்போது இயல்பாகவே ஒரு கேள்வி எழுகிறது: இனியும் மாத்திரை தேவைதானா? மருத்துவரைக் கேட்காமல் நோயாளி தாமே இதற்கு விடை கூறிக்கொள்ளும்போதுதான் இடர் நேர்கிறது. யோகப் பயிற்சியால் விளையும் நன்மைகள் எவை, அதன் எல்லை எது, எந்த நோயுடையோர் எந்தப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும், அன்றாட வாழ்வில் அதை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

யோகம் என்றால் என்ன?

யோகம் என்றவுடன் உடலை வளைக்கும் ஆசனங்களே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஆசனம் யோகத்தின் ஓர் உறுப்பு மட்டுமே. பதஞ்சலியின் யோக சூத்திரம் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என எட்டு உறுப்புகளைக் கூறுகிறது. தமிழில் திருமூலரின் திருமந்திரம் தனது மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டு உறுப்பு யோகத்தை விளக்குகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி ஜூன் 21ஆம் நாள் பன்னாட்டு யோகா தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நோயாளிகளைப் பொறுத்தவரை நான்கு பகுதிகள் பயனுடையவை. அவை எளிய ஆசனங்கள், மெதுவான மூச்சுப்பயிற்சி, தளர்வுப் பயிற்சி, தியானம் ஆகும். இவற்றைச் செய்ய உடல் மிகவும் வளைந்து கொடுக்க வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்தும் படுக்கையில் படுத்தும் செய்யக்கூடிய வடிவங்கள் உண்டு.

உடலில் நிகழும் மாற்றங்கள்

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவாகிறது. வெளிவிடும்போது சற்றுக் குறைகிறது. மூளையிலிருந்து இதயத்திற்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செயலே இதற்கு முதன்மையான காரணம். வெளிமூச்சை நீட்டி, நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறை என மூச்சை மெதுவாக்கும்போது இந்நரம்பின் அமைதிப்படுத்தும் செயல் மேலோங்குகிறது. இதயத் துடிப்பு தணிகிறது. இறுக்கமாக இருந்த தசைகள் தளர்கின்றன. மூச்சுப்பயிற்சிக்குப் பின் தோன்றும் அமைதி வெறும் எண்ணம் அன்று. உடலில் நிகழும் மாற்றமே.

ஆசனங்கள் மூட்டுகளைச் சுற்றியுள்ள தசைகளை நீட்டவும் வலுப்படுத்தவும் உதவுகின்றன. ஒரே நிலையில் சில விநாடிகள் நிற்பது கால் தசைகளுக்கும் உடலின் சமநிலைக்கும் பயிற்சியாகிறது. இயங்கும் தசை இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகிறது. ஆகவே நீரிழிவு நோயாளிகளுக்கும் இப்பயிற்சியால் பயன் உண்டு.

எந்த நோயில் எவ்வளவு பயன்?

உயர் இரத்த அழுத்தம்: ஆசனம், மூச்சுப்பயிற்சி, தியானம் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தொடர்ந்து செய்வோருக்கு மேல் அழுத்தம் சராசரியாகச் சில அலகுகள் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இது சிறிய அளவாயினும் மதிப்புடையது. எனினும் ஒரு கணக்கை மனத்தில் கொள்ளுங்கள். மேல் அழுத்தம் 160 உள்ள ஒருவருக்கு யோகத்தால் 5 அலகு குறைந்தால் அது 155 ஆகும். சிகிச்சையின் பொதுவான இலக்கோ 140/90க்குக் கீழ் ஆகும். எஞ்சிய இடைவெளியை மருந்தும், உப்பைக் குறைத்த உணவும், நடைப்பயிற்சியும், எடைக் கட்டுப்பாடும் சேர்ந்தே நிரப்ப வேண்டும்.

இரண்டாம் வகை நீரிழிவு: மருந்து, உணவுமுறை ஆகியவற்றுடன் யோகமும் சேரும்போது சர்க்கரைக் கட்டுப்பாடு ஓரளவு மேம்படுகிறது. மன இறுக்கமும் உறக்கமின்மையும் சர்க்கரை அளவை உயர்த்தக்கூடியவை. அவை தணிவதும் ஒரு நன்மையாகும்.

நாட்பட்ட முதுகுவலி: யோகத்தின் பயன் நன்கு ஆராயப்பட்ட நோய்களுள் இது ஒன்று. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு மருந்துக்கு முன்னர் முயன்று பார்க்கத்தக்க முறைகளுள் யோகத்தையும் குறிப்பிடுகிறது. ஆயினும் கால் மரத்துப்போதல், காலில் வலுவிழப்பு, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுதல், காய்ச்சலுடன் கூடிய முதுகுவலி ஆகியவை இருப்பின் யோகத்தை நாடாமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

ஆஸ்துமா: மூச்சுப்பயிற்சியால் அறிகுறிகளும் அன்றாட வாழ்க்கைத் தரமும் சிறிதளவு மேம்படலாம். மூச்சுக்குழாயின் உள்ளே உள்ள அழற்சியைக் கட்டுப்படுத்துவது இன்ஹேலர் மருந்தே. மூச்சுத்திணறல் வரும் நேரத்தில் மூச்சுப்பயிற்சியால் அதை அடக்க முயலாதீர்கள், இன்ஹேலரைப் பயன்படுத்துங்கள்.

முதுமை: முதியோர் கீழே விழுவதற்குக் கால் வலுவின்மையும் சமநிலைக் குறைவும் முக்கியக் காரணங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யும் நின்றநிலை ஆசனங்கள் இவ்விரண்டையும் மேம்படுத்த உதவுகின்றன.

நலமாக உணர்வதும் அளவு குறைவதும் ஒன்றல்ல

இப்பக்கத்தில் நீங்கள் முதன்மையாக நினைவில் கொள்ள வேண்டியது இப்பகுதியே. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் தருவதில்லை. நீரிழிவும் நெடுங்காலம் அவ்வாறே இருக்கக்கூடும். தலைவலியோ சோர்வோ இல்லாத நிலையிலும் உயர் அழுத்தம் இரத்தக் குழாய்களையும் சிறுநீரகங்களையும் விழித்திரையையும் சிதைத்துக்கொண்டே இருக்கும். பக்கவாதமும் மாரடைப்பும் முன்னறிவிப்பின்றி வரலாம்.

யோகமோ உங்களை நலமாக உணரச் செய்கிறது. அதுவே அதன் சிறப்பு. ஆனால் அதே காரணத்தால், யோகம் செய்யத் தொடங்கிய பின்னர் "நன்றாக இருக்கிறேன்" என்ற உணர்வை நோய் குறைந்ததற்கான சான்றாகக் கொள்ள இயலாது. கருவியால் அளந்த எண்ணும் ஆய்வக முடிவுமே சான்று.

எனவே மாத்திரையைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கு விடை காணும் வழி இதுவே: யோகத்தைத் தொடருங்கள், மருந்தையும் தொடருங்கள், அளவுகளைக் குறித்து வாருங்கள், அக்குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். அளவுகள் தொடர்ந்து நன்றாக இருந்தால் மருத்துவர் மருந்தைப் படிப்படியாகக் குறைக்கக்கூடும். அந்த முடிவு உங்களுடையதோ, யோகா ஆசிரியருடையதோ, உறவினருடையதோ அன்று.

இரத்த அழுத்தத்தை அளக்கும்போது ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருங்கள். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் பதிந்தும், கை இதயத்தின் மட்டத்திலும் இருக்கட்டும். தேநீர், காப்பி, புகையிலை, உடற்பயிற்சி ஆகியவற்றிற்குப் பின் அரை மணி நேரம் கழியட்டும். சவாசனம் முடிந்தவுடன் எடுக்கும் அளவு வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கலாம். அதை நாள் முழுவதற்குமான அளவாகக் கருத வேண்டாம். நீரிழிவு நோயாளிகளுக்கு ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை, யோகத்தின் பயனையும் மதிப்பிட உதவும்.

மருந்தைத் திடீரென நிறுத்துவதால் நேரும் தீங்குகள்

முதல் வகை நீரிழிவில் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. எந்த ஆசனமும் அச்சுரப்பை மீட்டுத் தருவதாக நிறுவப்படவில்லை. இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாள்களிலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கு ஆபத்து நேரலாம். குழந்தைகளுக்கு இந்நோய் இருப்பின் பெற்றோர் இதில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும்.

இதய நோய்க்குத் தரப்படும் சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியோ மாரடைப்போ ஏற்படலாம். வலிப்பு நோய்க்கான மாத்திரைகளை நிறுத்தினால் வலிப்பு மீண்டும் வரலாம். மனநல மருந்துகளை நிறுத்துவதும் இவ்வாறே தீங்கு தரக்கூடும்.

மருந்து வாங்கச் செல்ல இயலாமையும் சிலர் மருந்தை விடுவதற்குக் காரணமாகிறது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மாத்திரைகள் இல்லத்திற்கே கொண்டுவந்து வழங்கப்படுகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது குறித்துக் கேட்டறியலாம்.

எந்த நோயுடையோர் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

ஒருவருக்கு நன்மை தரும் ஆசனம் மற்றொருவருக்குத் தீங்கு தரலாம். கீழ்க்காணும் நிலைகள் உங்களுக்கு இருப்பின் ஆசிரியரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

• கண் அழுத்த நோய்: சிரசாசனம், சர்வாங்காசனம் போன்று தலை கீழாகவும் உடல் மேலாகவும் இருக்கும் நிலைகளில் கண்ணின் உள் அழுத்தம் வெகுவாக உயர்கிறது. இவற்றை முற்றிலும் தவிருங்கள். நெடுநேரம் தலையைத் தாழ்த்தியிருப்பதும் வேண்டாம்.

• நீரிழிவால் விழித்திரை பாதிப்பு: தலைகீழ் நிலைகளும் மூச்சை அடக்கி முக்குவதும் விழித்திரையில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். கண் மருத்துவரின் ஒப்புதல் தேவை.

• கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம்: அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் இருப்பின் பயிற்சி செய்யாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளோர் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப்பயிற்சிகளையும் மூச்சை நெடுநேரம் அடக்குவதையும் தவிர்ப்பது நல்லது.

• எலும்புப்புரை நோய்: பச்சிமோத்தாசனம் போன்று முதுகெலும்பை முன்னோக்கி நன்கு வளைக்கும் ஆசனங்கள் முள்ளெலும்பு நொறுங்கும் அபாயத்தை அதிகரிக்கின்றன. முதுகை நேராக வைத்துச் செய்யும் பயிற்சிகளே ஏற்றவை.

• முழங்கால் தேய்மானம், மூட்டு மாற்று அறுவை: வஜ்ராசனம், பத்மாசனம் ஆகியவற்றைக் கட்டாயப்படுத்திச் செய்ய வேண்டாம். நாற்காலியில் அமர்ந்து செய்யுங்கள்.

• குடலிறக்கம், அண்மையில் வயிற்று அறுவை: வயிற்றில் அழுத்தம் தரும் ஆசனங்களையும் கபாலபாதியையும் தவிருங்கள்.

• கர்ப்பக் காலம்: குப்புறப் படுக்கும் ஆசனங்கள், வயிற்றை அழுத்தும் முறுக்கு நிலைகள், மூச்சை அடக்குதல் ஆகியவை கூடாது. ஐந்தாம் மாதத்திற்குப் பின் நெடுநேரம் மல்லாந்து படுத்திருப்பதையும் தவிருங்கள். சவாசனத்தை இடப்பக்கம் ஒருக்களித்துச் செய்யலாம்.

நீரிழிவு நோயாளிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு

யோகத்தை வெறும் வயிற்றில் செய்ய வேண்டும் என்பது பொதுவான விதி. இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் தாழச் செய்யக்கூடிய மாத்திரையோ எடுத்துக்கொள்வோருக்கு இவ்விதி அப்படியே பொருந்தாது. பயிற்சிக்கு முன் சர்க்கரையை அளந்து பாருங்கள். 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பின் ஒரு வாழைப்பழமோ ஓரிரு பிஸ்கட்டோ உண்ட பின்னரே தொடங்குங்கள். பயிற்சியின் நடுவே வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல், குழப்பம் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். அளவு 70க்குக் கீழ் இருந்தாலும், அளக்க வழி இல்லாவிட்டாலும், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் தரக்கூடாது. உடனே 108ஐ அழையுங்கள்.

அன்றாட வாழ்வில் அமைத்துக்கொள்ளும் முறை

வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் செய்வதைவிட நாள்தோறும் 20 நிமிடம் செய்வது மேலானது. நாளின் வேலைகளோடு பயிற்சியை இணைத்துவிட்டால் அது விடுபடாது.

காலையில் பத்து நிமிடம்: கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றை மெதுவாக அசையுங்கள். சுவரருகே நின்று கைகளை மேலே உயர்த்தித் தாடாசனம் செய்யுங்கள். பின்னர் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி ஒரு காலில் பத்து விநாடி நின்று, காலை மாற்றிச் செய்யுங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து அமர்வதை ஐந்து முறை செய்யுங்கள். முடியாதவர் கையை ஊன்றிக்கொள்ளலாம்.

பகலில் இரண்டு மூன்று நிமிடம்: அலுவலக இருக்கையிலோ, மருத்துவமனையில் முறைக்காகக் காத்திருக்கும்போதோ முதுகை நிமிர்த்தி அமர்ந்து மெதுவாக மூச்சு விடுங்கள். நான்கு எண்ணும் அளவுக்கு உள்ளிழுத்து, ஆறு எண்ணும் அளவுக்கு வெளிவிடுங்கள். இடையே மூச்சை அடக்க வேண்டாம்.

இரவில் ஐந்து முதல் பத்து நிமிடம்: படுக்கையில் சவாசனத்தில் பாதத்தில் தொடங்கித் தலைவரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்துங்கள். முடிந்தவுடன் சட்டென எழாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி அமர்ந்து, சிறிது நேரம் கழித்து நில்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை எடுப்போர் விரைந்து எழும்போது தலைசுற்றி விழ நேரிடும்.

பயிற்சியின்போது தசை இழுபடுவதை உணரலாம். கூர்மையான வலி கூடாது. பேச இயலாத அளவுக்கு மூச்சு வாங்கவும் கூடாது. முழு உணவுக்குப் பின் மூன்று முதல் நான்கு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள்.

மெதுவான யோகம் நடைப்பயிற்சிக்கு முழு மாற்றாகாது. பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உடல்நிலை இடம் தருமாயின் விரைவு நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் காணொளியைப் பார்த்துத் தனியே கற்பதைவிட, தகுதி பெற்ற ஒருவரிடம் நேரில் கற்பது பாதுகாப்பானது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இயங்குகின்றன. அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவுகள் உள்ளன. உங்கள் மருந்துச் சீட்டையும் அண்மைப் பரிசோதனை முடிவுகளையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

நோயாளி பயிற்சி செய்யும்போது, குறிப்பாக முதல் சில வாரங்களில், அருகில் இருங்கள். தரை வழுக்காமல் இருக்கிறதா, நாற்காலி அசையாமல் நிற்கிறதா எனப் பாருங்கள். பக்கவாதத்தால் ஒரு பக்கம் வலுவிழந்தவர் நிற்கும்போது, அந்தப் பக்கத்தில் நின்று தாங்குங்கள். வலுவிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு விலகக்கூடும். படுக்கையில் இருப்போருக்கான அசைவுகளை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

"யோகா செய்தால் போதும், மாத்திரையெல்லாம் எதற்கு?" என்று உறவினரோ அண்டை வீட்டாரோ நல்லெண்ணத்துடன் கூறலாம். நோயாளி அதனால் மருந்தைத் தவிர்க்கத் தொடங்கியிருந்தால் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். மருந்தால் உடல் உபாதையா, செலவா, நாள்தோறும் விழுங்கும் சலிப்பா எனக் கேட்டறியுங்கள். காரணம் எதுவாயினும் அதை மருத்துவரிடம் தெரிவித்தால் மாற்று மருந்தோ எளிய நேர அட்டவணையோ கிடைக்கக்கூடும்.

உங்கள் நலத்தையும் மறவாதீர்கள். நோயாளியைத் தூக்கியும் திருப்பியும் உதவுவோருக்கு முதுகுவலியும் உறக்கக் குறைவும் மன இறுக்கமும் வருவது இயல்பு. மேலே கூறிய காலைப் பயிற்சியையும் மூச்சுப்பயிற்சியையும் நோயாளியுடன் சேர்ந்து செய்தால் இருவருக்கும் பயன் உண்டு. மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் யோகத்துடன் நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரை அணுகுங்கள்.

உடனே பயிற்சியை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில் வலி, அழுத்தம், அல்லது கைக்கும் தாடைக்கும் பரவும் வலி
• கடும் மூச்சுத்திணறல், மயக்கம்
• முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை அல்லது கால் வலுவிழத்தல்
• திடீரெனப் பார்வை மங்குதல், கடும் தலைவலி

இவற்றுள் எது தோன்றினாலும் ஓய்வெடுத்தால் சரியாகும் எனக் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது

கீழ்க்காணும் கேள்விகளைக் கேளுங்கள்:

• என் நோய்க்கு எந்த ஆசனங்களும் மூச்சுப்பயிற்சிகளும் கூடாதவை?
• பயிற்சி நேரத்திற்கேற்ப மருந்து அல்லது உணவு நேரத்தை மாற்ற வேண்டுமா?
• வீட்டில் எந்த அளவுகளை, எத்தனை நாளுக்கு ஒரு முறை குறிக்க வேண்டும்?
• மருந்தைக் குறைப்பது பற்றி எந்த அளவு எட்டப்பட்ட பின்னர், எப்போது பேசலாம்?

ஒரு சிறிய குறிப்பேட்டில் நாள், பயிற்சி செய்த நேரம், இரத்த அழுத்தம் அல்லது சர்க்கரை அளவு, உட்கொண்ட மருந்து ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். மூன்று மாதம் கழித்து அக்குறிப்பேட்டைப் பார்க்கும் மருத்துவர், மாத்திரையைக் குறைக்கலாமா, தொடர வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு உங்கள் அளவுகளைக் கொண்டே விடை கூற முடியும். அதுவரை யோகமும் மருந்தும் நாள்தோறும் தொடரட்டும்.